தம்ளருக்குள் இருப்பது என்ன?

2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தில் செனட் சபைக்குத் தேர்தல் நடந்தது. லிபர்டேரியன் என்ற சிறு கட்சியின் சார்பில் ஸ்டான் ஜோன்ஸ் என்பவர் நின்றார். அவர் ஜெயிக்கவில்லை; ஜெயிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் கடல் கடந்த பத்திரிகைகளில்கூட அவரைப் பற்றிச் செய்தி வந்தது. காரணம் அவருடைய கொள்கை அல்ல, அவருடைய முகம். மனிதர் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் இருந்தார்.

பிறவியிலேயே வந்த நிறமல்ல அது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும் நள்ளிரவில் கம்ப்யூட்டர்களெல்லாம் தடுமாறி நின்றுவிடும், வியாபாரம் ஸ்தம்பித்துவிடும், மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் கிடைக்காது என்றெல்லாம் அப்போது ஒரு பீதி பரவியிருந்தது அல்லவா? அந்தப் பீதிக்கு ஆளானவர்களில் ஜோன்ஸும் ஒருவர். முன்ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று 1999-இல், மின்சாரத்தால் வெள்ளியைக் கரைத்த நீரைத் தாமே தயாரித்துக் குடிக்க ஆரம்பித்தார். 2000-ஆம் ஆண்டு சமர்த்தாகப் பிறந்தது. கம்ப்யூட்டர்கள் ஓடின. மருந்துக் கடைகள் வழக்கம்போல் திறந்தன. ஜோன்ஸின் முகம் மட்டும் நிறம் மாறிவிட்டது.

நிறத்தைவிட அவர் சொன்ன சமாதானம்தான் நம் கவனத்துக்கு உரியது. அளவுக்கு மிஞ்சிக் குடித்தது தம் பிழை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மருந்து அருமையான மருந்துதான் என்று சாதித்தார். அருமையான மருந்து என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? எந்த ஆபத்துக்கு அஞ்சிக் குடித்தாரோ அந்த ஆபத்து வரவே இல்லை. அளவு மிஞ்சியதாவது எப்போது தெரிந்தது? முகம் மாறிய பிறகு! பலனையும் அளக்கவில்லை, அளவையும் அளக்கவில்லை. நம்பிக்கை மாத்திரம் இம்மியும் குறையவில்லை.

இது ஒரு தனி மனிதரின் விசித்திரம் என்று விட்டுவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். விட்டுவிட முடியாதபடி இந்த நம்பிக்கை பரவியிருக்கிறது. 1990-களிலிருந்து அமெரிக்காவில் ஆரோக்கிய உணவுக் கடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இந்த வெள்ளி நீரின் மகிமை பாடப்பட்டு வருகிறது. ஜலதோஷத்திலிருந்து புற்றுநோய் வரைக்கும் அது தீர்க்காத வியாதி கிடையாது என்பார்கள். வீட்டில் செய்துகொள்ள ஒரு பெட்டியில் சாமான்களும் விற்கிறார்கள். விஞ்ஞானப் பெயர் 'கொலாய்டல் சில்வர்'. நம் பாடப் புத்தகங்கள் கூழ்ம வெள்ளி என்கின்றன. நாம் வெள்ளி நீர் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

மூன்று பாட்டரி, இரண்டு கம்பி

செய்முறை வெகு சுலபம். அதுதான் அதன் கவர்ச்சி. அதுவே அதன் வினையும். ஒன்பது வோல்ட் பாட்டரி மூன்றை வரிசையாக இணைத்தால் 27 வோல்ட் ஆயிற்று. இரண்டு சுத்த வெள்ளிக் கம்பிகளை இரு முனைகளிலும் மாட்டி, காய்ச்சி வடித்த தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரில் தொங்கவிட வேண்டியது. சற்று நேரத்தில் ஒரு கம்பியிலிருந்து மெல்லிய புகைபோல் ஏதோ இறங்குகிறது. நீர் மஞ்சளானால் நல்லது என்பார் ஒருவர். நிறமே இருக்கக் கூடாது என்பார் இன்னொருவர். எத்தனை நிமிஷம் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. பிறகு கம்பியை எடுத்துவிட்டுக் குடிக்க வேண்டியதுதான்.

இந்தத் தம்ளருக்குள் என்ன இருக்கிறது? கூழ்ம வெள்ளி என்று சொல்லிக் குடிக்கிறார்கள். கூழ்மம் என்பது கரையாத நுண்துகள்கள் திரவத்தில் அடியில் படியாமல் மிதக்கிற நிலை. 1857-இல் மைக்கேல் ஃபாரடே தங்கத்தை இப்படி மிதக்கவிட்டுச் சிவப்பு நிறத் திரவம் செய்து காட்டினார். ஆனால் பாட்டரித் தம்ளரில் முக்கியமாக நடப்பது வேறு. நேர்முனைக் கம்பியிலுள்ள வெள்ளி அணு ஒரு எலெக்ட்ரானை இழந்து அயனியாகித் தண்ணீரில் கரைகிறது. உப்பு கரைவதைப் போன்ற கரைசல் இது, துகள் அல்ல. கொஞ்சம் துகளும் உண்டாகிறது. கொஞ்சம் எதிர்முனைக் கம்பியில் கறுப்பாகப் படிகிறது. கொஞ்சம் ஆக்ஸைடாக மாறி அடியில் தங்குகிறது. தண்ணீரில் துளி உப்பு இருந்துவிட்டால், நீர் பாலாகக் கலங்கி, வெள்ளி குளோரைடு என்ற இன்னொரு பண்டம் வந்து சேருகிறது. எது எவ்வளவு என்பது தண்ணீரின் சுத்தம், கம்பிகளின் இடைவெளி, பாட்டரியின் வயசு ஆகிய எல்லாவற்றையும் பொறுத்தது. நேற்றுச் செய்த தம்ளரும் இன்று செய்த தம்ளரும் ஒன்றல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்திலே மின்சாரத்தை வைத்து மிகத் துல்லியமாக எடை போட்ட உலோகம் வெள்ளிதான். 1908-இல் லண்டனில் கூடிய சர்வதேச மகாநாடு, ஒரு ஆம்பியர் என்றால் என்ன என்பதையே வெள்ளியை வைத்து வரையறுத்தது: வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து விநாடிக்கு 0.00111800 கிராம் வெள்ளியைப் படிய வைக்கும் மின்சாரம் எதுவோ அது ஒரு ஆம்பியர். 1948 வரையில் அந்தக் கணக்கு அமலில் இருந்தது. ஆகவே, கம்பியில் ஓடும் மின்சாரம் தெரிந்தால், கழன்று வரக்கூடிய வெள்ளியைக் கல்லூரி மாணவன்கூடக் கணக்கிட்டு விடுவான்.

போட்டுத்தான் பார்ப்போமே. ஒரு மில்லி ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் கழல்வது சுமார் 4 மில்லிகிராம் வெள்ளி. தம்ளரில் 250 மில்லிலிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 16 மில்லிகிராம். கம்பியில் படிந்ததையும் அடியில் தங்கியதையும் கழித்தால் இதற்குக் குறையும். ஆனால் மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியரிலேயே நிற்குமா? வெள்ளி கரையக் கரையத் தண்ணீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது. ஓட்டம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசிப் பத்து நிமிஷத்தில் கழல்வது முதல் பத்து நிமிஷத்தைப்போல் பல மடங்காக இருக்கலாம். மின்னோட்டம் காட்டும் மீட்டர் இல்லாமல் கடிகாரத்தைப் பார்த்து மருந்து செய்கிறவர், அடுப்பின் தணலைப் பார்க்காமல் பால் காய்ச்சுகிறவர் போலத்தான்.

சிலர் மீட்டர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் சிறு மீட்டர் அது. உண்மையில் அது அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை. துகளாக மிதக்கும் வெள்ளி அதன் கண்ணில் படாது. வேறு சிலர் இருட்டில் லேசர் விளக்கை அடித்து, ஒளிக் கீற்று தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். கீற்றுத் தெரிந்தால் துகள் இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை இருக்கிறது என்று அந்தக் கீற்று சொல்லாது. மொத்த வெள்ளியையும் அளக்கும் கருவி ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறது, சமையலறையில் இல்லை. "என்னுடையது பத்து பி.பி.எம்." என்று ஒருவர் அடித்துச் சொல்கிறபோது, அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெட்டியோடு வந்த காகிதத்திலிருந்து என்பார்.

நூறு தரம் அளந்து செய்த மருந்தையே எடை பிசகினால் கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்கிறது. அப்படியிருக்க, ஒரு தரமும் அளக்காததை 'இயற்கையானது' என்ற ஒரே தகுதியில் குழந்தைக்கும் கொடுக்கிறார்கள். மருந்து இன்னதென்று தெரியாமல் அதன் பலனைப் பற்றி வாதாடுவதில் என்ன பிரயோஜனம்? பெரும்பாலான விவாதங்களில் இந்த முதல் கேள்வியே அடிபட்டுப் போகிறது.

கண்ணில் விட்டதும் வாயில் விட்டதும்

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது கட்டுக்கதையல்ல. அதை மறுக்கிறவன் வழக்கில் தோற்றுப் போவான். பாரசீக மன்னன் சைரஸ் யுத்தத்துக்குப் போகும்போது, கொதிக்க வைத்த ஆற்று நீரை வெள்ளிப் பாத்திரங்களில் நிரப்பி வண்டிகளில் கொண்டு போனதாக ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். கொதிக்க வைத்ததை நம் அன்பர்கள் மறந்துவிட்டு, வெள்ளியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்! நம் வீடுகளிலும் குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டுகிறோம். அதில் ஆட்சேபம் இல்லை. பாலாடையிலிருந்து பாலில் இறங்கும் வெள்ளிக்கும் 27 வோல்ட்டால் கழற்றிய வெள்ளிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். (சித்த வைத்தியத்தின் வெள்ளி பற்பம் முற்றிலும் வேறு தயாரிப்பு. அதன் நியாயம் தனி விசாரணைக்கு உரியது. இங்கே அதை இழுக்கவில்லை.)

வைத்தியத்தில் வெள்ளியின் உண்மையான வெற்றி எது தெரியுமா? ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர் கார்ல் கிரெடே செய்தது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து மேகவெட்டைக் கிருமி தொற்றி, பிறந்த குழந்தைகள் பார்வை இழப்பது அன்று சகஜமாக இருந்தது. 1880-இல் அவர் குழந்தை பிறந்தவுடன் கண்ணில் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடும் பழக்கத்தைக் கொண்டு வந்தார். அதற்கு முன்னால் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள்போல் கண்ணோய்க்கு ஆளாகிக் கொண்டிருந்த ஆஸ்பத்திரியில், அந்த விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. எண்ணற்ற குழந்தைகளின் பார்வையை அந்த ஒரு சொட்டு காப்பாற்றியது.

கிரெடே என்ன செய்தார் என்று கவனிக்க வேண்டும். எண்ணினார். விடுமுன் எத்தனை, விட்ட பின் எத்தனை என்று எண்ணினார். கரைசல் 2 சதவீதம் என்று அவருக்குத் தெரியும். கிருமி இருந்த இடத்திலேயே மருந்தும் பட்டது. இந்த மூன்றில் ஒன்றாவது வீட்டு வெள்ளி நீருக்கு உண்டா? கண்ணில் விட்டுக் கண்ட பலனைக் காட்டி, வயிற்றுக்குள் விடச் சொல்வது எந்தக் கோர்ட்டிலும் சாட்சியாக நிற்காது.

அவருடைய புதல்வர் பென்னோ கிரெடேயும் வைத்தியர். 1897-இல் அவர் கூழ்ம வெள்ளியையே மருந்தாகக் கொண்டு வந்தார். அடுத்த சில வருஷங்களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்பவர் ஒரு ஜெர்மன் ரசாயனியோடு கூட்டுச் சேர்ந்து, வெள்ளியும் புரதமும் சேர்ந்த 'ஆர்ஜிரால்' என்ற மருந்தை விற்றுக் கோடீசுவரர் ஆனார். 1929-இல் பங்கு மார்க்கெட் கவிழ்வதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் கம்பெனியை விற்றுக் கைகழுவியவர் அவர். அதிர்ஷ்டம் என்றால் அப்படி இருக்க வேண்டும். பணத்தையெல்லாம் ரெனுவார், செசான், மாட்டீஸ் ஆகியோரின் ஓவியங்களாக மாற்றினார். ஃபிலடெல்ஃபியாவில் அந்தச் சித்திரசாலையை இன்றும் பார்க்கலாம். வெள்ளியால் நிச்சயமாக லாபம் அடைந்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

இப்படி ஒரு காலத்தில் டாக்டர்களே கொடுத்த மருந்துதானே, பிறகு ஏன் மறைந்தது? பேடன்டு வாங்க முடியாத பண்டமாதலால் மருந்துக் கம்பெனிகள் சதி செய்து ஒழித்துவிட்டன என்பது அன்பர்களின் பதில். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் ஒன்றும் அரிச்சந்திரன் வம்சமல்ல. ஆனால் நடந்ததைப் பார்க்க வேண்டாமா? 1930-களில் சல்ஃபா மருந்துகளும் 1940-களில் பெனிசிலினும் வந்தன; உள்ளுக்குக் கொடுத்தால் நோய் தீருவதை எண்ணிக் காட்டின. மறு பக்கம், வெள்ளி மருந்து சாப்பிட்டு நீலமானவர்களின் கேஸ்கள் குவிந்தன. 1939-இல் ஹில், பில்ஸ்பரி என்ற இரு டாக்டர்கள் அந்த நீலத்தைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. அதோடு, வெள்ளியைக் கம்பெனிகள் வெறுத்ததாகவும் தெரியவில்லை. தீப்புண்ணுக்கான வெள்ளி சல்ஃபாடயசீன் களிம்பு 1968-இல் வந்தது. வெள்ளி கலந்த கட்டுத் துணிகள் இன்றும் நல்ல விலைக்கு விற்கின்றன. லாபம் வருகிற இடத்தில் அவர்கள் வெள்ளியை விடவில்லை. அந்தக் களிம்பைக்கூட, புண் ஆறுவதை அது தாமதப்படுத்துகிறதோ என்று ஆராய்ச்சியாளர்கள் இப்போது மறுபடி கேட்கிறார்கள். நிரூபணம் ஆன மருந்துக்கே அந்தக் கதி.

'வெள்ளி 650 கிருமிகளைக் கொல்லும்' என்ற வாசகத்தைப் பார்க்காத வெள்ளி நீர் விளம்பரம் அபூர்வம். 1978-இல் ஒரு ஜனரஞ்சக விஞ்ஞானப் பத்திரிகையில் வந்த கட்டுரையிலிருந்து கிளம்பிய எண் அது. சோதனைக் குழாயில் வெள்ளி பல கிருமிகளைக் கொல்வது மெய்தான். பினாயிலும் கொல்லும்; கொதிக்கிற எண்ணெயும் கொல்லும். கிருமியைக் கொல்வதல்ல, நம்மை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்வதுதான் மருந்தின் லட்சணம். மேலும் சோதனைக் குழாய் வேறு, வயிறு வேறு. வயிற்றிலே ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ரத்தத்தில் உப்பு இருக்கிறது. வெள்ளி அயனிக்குக் குளோரைடைக் கண்டால் விடாது. உடனே பிடித்துக்கொண்டு அநேகமாகக் கரையாத வெள்ளி குளோரைடாகி விடும். தப்பியதைக் கந்தகம் அடங்கிய புரதங்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். நுரையீரலிலோ ரத்தத்திலோ உள்ள கிருமியைத் தேடிப் போய்க் கொல்ல, சுதந்திரமான வெள்ளி எவ்வளவு மிஞ்சும்? குடித்த வெள்ளி நீர் எந்த வியாதியையாவது குணப்படுத்தியதாக நம்பத்தக்க பரிசோதனை இல்லை. இதை வைத்துத்தான் 1999 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்து எதையும் பத்திரமானதாகவோ பலனுள்ளதாகவோ ஏற்க முடியாது என்று விதி செய்தது. விற்பனை நின்றதா? இல்லை. மருந்து என்ற பெயரை எடுத்துவிட்டு 'உணவுத் துணை' என்று சீட்டு ஒட்டிக்கொண்டு அலமாரிக்குத் திரும்பிவிட்டது. 2020-இல் கோவிட் வந்தபோது மறுபடி மருந்து வேஷம் போட்டது. அரசாங்கம் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்ப வேண்டி வந்தது.

இன்னொரு கதையும் உலவுகிறது. ஐரோப்பியப் பிரபுக்கள் வெள்ளித் தட்டில் சாப்பிட்டதால்தான் பிளேக் அவர்களை அண்டவில்லையாம். 'நீல ரத்தம்' என்ற பெயரும் அதனால் வந்ததாம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மகள் ஜோன் 1348-இல் பிளேக்கில்தான் இறந்தாள். காஸ்டீல் மன்னன் பதினோராம் அல்ஃபோன்ஸோ 1350-இல் ஜிப்ரால்டர் முற்றுகையில் அதே பிளேக்குக்குப் பலியானான். அவர்கள் வீட்டில் வெள்ளித் தட்டுக்குப் பஞ்சமா?

உடம்பே ஒரு போட்டோத் தகடு

கல்லூரியில் ரசாயனம் படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். பரிசோதனை வகுப்பில் வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் விரல் கறுத்திருக்கும். வெளிச்சம் செய்கிற வேலை அது. பழைய போட்டோ ஃபிலிமில் வெள்ளி உப்பைப் பூசியதும் இந்தக் குணத்துக்காகத்தான்.

குடித்த வெள்ளியில் பெரும்பகுதி மலத்தோடு வெளியே போய்விடுகிறது. மீதி தோலிலும் மற்ற அவயவங்களிலும் தங்குகிறது. தோலில் தங்கிய வெள்ளி மீது சூரிய வெளிச்சம் படும்போது, ஃபிலிமில் நடந்ததே அங்கும் நடக்கிறது. வெள்ளி உலோகத் துகளாகி, பிறகு கந்தகத்தோடும் செலீனியத்தோடும் சேர்ந்து, கரையாத கறையாக நின்றுவிடுகிறது. 2012-இல் பிரௌன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதனையில் நடத்திக் காட்டினார்கள். முகமும் கைகளும் மற்ற இடங்களைவிட அதிகமாக நீலம் பாய்வது இதனால்தான். துணி மூடிய இடத்துக்கு அவ்வளவு வெளிச்சம் இல்லை. உலோகத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றும் மருந்துகள் சில உண்டு. அவை இந்தக் கறையிடம் தோற்றுவிட்டன. லேசர் சிகிச்சையில் சிலருக்கு நிறம் குறைந்திருக்கிறது. அங்குலம் அங்குலமாகச் செய்ய வேண்டிய, வலிக்கிற வேலை.

எவ்வளவு குடித்தால் நீலமாகும்? இதற்குக் கோடு கிழித்துச் சொல்ல ஆளில்லை. சிபிலிஸ் நோய்க்கு வெள்ளி கலந்த ஊசி போட்டுக்கொண்டு நிறம் மாறிய நோயாளிகளின் கணக்கை 1935-இல் இரண்டு டாக்டர்கள் தொகுத்தார்கள். அதை வைத்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா ஒரு வரம்பு சொல்கிறது: உடல் எடையில் கிலோவுக்கு, நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 0.3 மில்லிகிராம். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து சுமார் 10 கிராம் வரை தாங்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு.

முன்பு போட்ட கணக்கை இங்கே கொண்டு வாருங்கள். லிட்டருக்கு 16 மில்லிகிராம் உள்ள நீரில் அந்த 0.3 மில்லிகிராம் என்பது நாலு தேக்கரண்டி அளவுகூட இல்லை. தம்ளரையே குடிக்கிறவருக்கு ஒரு நாளைக்கு 4 மில்லிகிராம், வரம்பைப்போல் 13 மடங்கு. தினம் ஒரு தம்ளர் என்றால் வருஷத்துக்கு ஒன்றரை கிராம். ஏழு வருஷத்தில் வாழ்நாள் பங்கு தீர்ந்துவிடும். நீர் நாம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கெட்டியாக இருந்தால் மூன்றரை வருஷம். கெட்டியா, நீர்த்ததா என்பது குடிக்கிறவருக்குத் தெரியாது என்பதை மேலே பார்த்தோம். ஒரு ஒப்புக்குச் சொல்கிறேன்: குடிதண்ணீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் வெள்ளி வேண்டாம் என்பது அமெரிக்க அரசாங்கத்தின் யோசனை. தண்ணீரைச் சுத்தம் செய்ய வெள்ளி உதவுகிறது என்பதற்குச் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ருஷ்யப் பகுதியே சாட்சி. அங்கே குடிதண்ணீரில் வெள்ளி சேர்க்கிறார்கள். ஆனால் அது தண்ணீரைக் காக்கச் சேர்த்த துளி. வியாதியைத் தீர்க்கக் குடித்த தம்ளர் அல்ல.

எதிர்க் கட்சியின் சாட்சி ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2014-இல் வெளியான ஒரு பரிசோதனையில், கம்பெனி தயாரித்த வெள்ளி நீரை 60 ஆரோக்கியசாலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் வெள்ளி ஏறியது. கெடுதி என்று சொல்லும்படி ஒன்றும் தெரியவில்லை. சரி. ஆனால் அது அளந்து செய்த சரக்கு. கொடுத்தது அதிகபட்சம் 14 நாள். குடித்தவர்கள் நோயாளிகளும் அல்ல. பதினான்கு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்பதைக் காட்டிப் பதினான்கு வருஷத்துக்கு ஜாமீன் கேட்கிறார்கள்.

'எனக்குப் பலித்தது'

எல்லா வாதமும் முடிந்த பிறகு கடைசியில் வருவது இதுதான்: "விஞ்ஞானம் என்ன சொன்னால் என்ன? நான் குடித்தேன், ஜுரம் விட்டது. எனக்கு ஒரு கெடுதியும் இல்லை." மனப்பூர்வமாகச் சொல்கிறார்கள், பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஜலதோஷம் வெள்ளி நீர் குடித்தாலும் ஒரு வாரத்தில் போகிறது, குடிக்காவிட்டாலும் ஏழு நாளில் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததில் காக்கைக்கு எவ்வளவு பெருமை! போகாத நோயோடு இருப்பவர் சாட்சி சொல்ல வருவதில்லை. அவர் வேறு வைத்தியத்துக்குப் போயிருப்பார், அல்லது போக நேரம் இல்லாமல் போயிருக்கும்.

கெடுதி இல்லை என்ற சாட்சியம் இன்னும் பலவீனமானது. இந்தக் கறை சில நாளில் வருவதல்ல. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் சேர்ந்து ஒரு நாள் தெரிவது. மற்ற மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தியோ தடிப்போ வந்து நம்மைத் தடுக்கும். வெள்ளி வலியே இல்லாமல் சேருகிறது. கண்ணாடியில் வித்தியாசம் தெரிகிற நாளில் திரும்பிப் போகிற பாதை அடைபட்டிருக்கும். ஆகவே 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பதன் சரியான பாடம், 'இன்னும் ஒன்றும் ஆகவில்லை' என்பதே.

வயசு வந்தவர்கள் தம் தோலைப் பணயம் வைத்தால் அது அவர்கள் சொந்த விஷயம் என்று ஒருவேளை சொல்லலாம். குழந்தைக்கு நிமோனியா ஜுரம் அடிக்கும்போது டாக்டரிடம் போகாமல் கரண்டியில் வெள்ளி நீரை ஊற்றுவது சொந்த விஷயம் ஆகாது. அங்கே நஷ்டம் முகத்தின் நிறம் அல்ல. கைவசம் இருந்த இரண்டு மூன்று நாட்கள். வெள்ளி நீரால் நேரக்கூடிய மிகப் பெரிய தீங்கு, அது உடம்புக்குள் செய்வதல்ல, உண்மையான மருந்து வர வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்வதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஏற்கெனவே குடித்து வருகிறவர்கள் அதைத் தங்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. தைராய்டுக்குத் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களும் அவசியம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகள் உடம்பில் சேருவதை வெள்ளி குறைத்துவிடக் கூடும். மாத்திரை சரியில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டு போவார். பல் ஈறுகளையும் கை நகங்களின் அடியில் உள்ள வெள்ளைப் பிறைகளையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நீலமோ சாம்பலோ முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.